மூன்று நாள் வைத்துப் பார்த்த கல்

தங்கை கொண்டுவந்த மோதிரத்தில் இருப்பது இந்தப் பூமியில் விளைந்த கல் இல்லை என்று அவள் சொன்னபோது எனக்கு ஆச்சரியம் எதுவும் வரவில்லை. அப்பாவை ஒருக்களித்துத் திருப்பி, ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறுகையால் அவர் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "அப்படியா, அந்த வேஸ்ட் மூட்டையக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு" என்றேன்.

வேஸ்ட் என்றால் பனியன் துணி வெட்டும்போது மிஞ்சுகிற துண்டுகள். திருப்பூரில் மெஷின் துடைக்க, பைக் துடைக்க, அடுப்பு துடைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். சாயம் ஏறாத வெள்ளைக் காட்டனாகப் பார்த்துப் பொறுக்கினால் மெத்தென்று இருக்கும். நாங்கள் அதில் அப்பாவைத் துடைத்தோம். பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாக அவர் முன் அறையில் கிடந்தார். பேச்சு இல்லை. மூக்கு வழியாக ஒரு குழாய், அதில்தான் கஞ்சி. காற்று மெத்தை ஒன்று வாங்கிப் போட்டிருந்தோம், அதன் மோட்டார் எந்நேரமும் முனகிக்கொண்டே இருக்கும். அப்படியும் இடுப்பில் புண் வந்துவிட்டது.

நான் நல்லூரில் அடுத்த தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவள். கம்பெனிக்குப் போகும் முன்பும் திரும்பும்போதும் வந்து, அம்மாவோடு சேர்ந்து அப்பாவைப் புரட்டிப் போடுவேன். முதல் வருஷம் அவர் முகத்தைப் பார்த்தாலே அழுகை வரும். பிறகு ஒரு நாள் கவனித்தேன், அழுகை வரவில்லை. கொஞ்ச நாளில் சிரிப்பும் நின்றுவிட்டது. வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தால் கால் மரத்துப்போய்க் கிள்ளினாலும் தெரியாதே, அப்படி. வேலை மட்டும் அது பாட்டுக்கு நடந்தது. குழம்பில் உப்பில்லை என்று வீட்டுக்காரர் தட்டைத் தள்ளினால்தான் உப்பில்லை என்பதே எனக்குத் தெரியும். நானும் அதே குழம்பைத்தான் சாப்பிட்டு முடித்திருப்பேன்.

தங்கை ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் போடுவது, சாம்பிள் அனுப்புவது, ஆர்டர் லேட்டானால் இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது. அவள் கட்டிக்கொள்ள விரும்பிய பையன் அதே கம்பெனியில் பிரிண்டிங் டிசைனர். டீ-சர்ட்டின் மார்பில் வருகிற படங்களைக் கம்ப்யூட்டரில் வரைபவன். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம், அப்பாவும் அம்மாவும் டெய்லர் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். பையன் மேல் குறை சொல்ல யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. எங்கள் ஆட்கள் இல்லை என்பது ஒன்றுதான் பிரச்சினை.

குழந்தைகளுக்கான டீ-சர்ட் வரிசை ஒன்றுக்கு அவன் ராக்கெட், வளையம் போட்ட கிரகம், வால் நட்சத்திரம் என்று வரைய வேண்டியிருந்தது. படத்துக்காக நெட்டில் தேடப் போனவன் அதிலேயே விழுந்துவிட்டான். தூரத்துக் கிரகங்களின் உள்ளே வைரம் மழையாகப் பெய்யக்கூடும் என்கிறார்களாம். இப்போது நகைக்கடைகளில் வைரத்துக்குப் பதிலாக விற்கும் மாய்சனைட், முதலில் ஒரு விண்கல் விழுந்த பள்ளத்தில்தான் அகப்பட்டதாம். கடையில் கிடைப்பது ஃபேக்டரியில் செய்ததுதானாம். இதெல்லாம் தங்கையின் வாய் வழியாக, நான் அப்பாவுக்குப் பவுடர் போடும்போதும் குழாயைக் கழுவும்போதும் எனக்கு வந்து சேர்ந்தது. கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

மோதிரத்தில் இருந்தது இன்னொரு வகை. சூரியனைச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு குட்டிக் கிரகம் எப்போதோ எதிலோ மோதி உடைந்துபோனது. அதன் வயிற்றில் இரும்பு, இரும்புக்கு மேலே பாறை. இரண்டும் கலக்கிற இடத்தில் இரும்புக்குள்ளே பச்சைக் கற்கள் பதிந்து கிடக்கும். உடைந்த துண்டு கோடிக்கணக்கான வருஷம் அலைந்துவிட்டுப் பூமியில் வந்து விழுந்தது. அதை அறுத்து, பச்சைக் கல்லைத் தனியே எடுத்து, பட்டை தீட்டி விற்கிறார்கள். பையன் கல்லை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, டவுனில் ஓர் ஆசாரியிடம் கொடுத்துத் தங்கத்தில் பதித்திருந்தான்.

அப்பாவைப் படுக்கவைத்து, கை கழுவிவிட்டு வந்து பார்த்தேன். மிளகு அளவுதான் இருந்தது. ஊறவைத்த பச்சைப் பயறின் நிறம். "இத்தன தூரம் வந்தது இத்துனூண்டா?" என்று கேட்டேன். கிண்டலுக்குக் கேட்கவில்லை, கிண்டல் பண்ண எனக்குத் தெம்பு இல்லாத காலம் அது.

என் வேலை துணி செக்கிங். ரோல் ரோலாக வரும் துணியை விளக்கு மேஜை மேல் ஓடவிட்டு ஓட்டை, எண்ணெய்க் கறை, கோடு பார்த்து ஒதுக்குவது. இழை எண்ணுகிற சின்னப் பூதக்கண்ணாடி ஒன்று எப்போதும் என் பையில் கிடக்கும். அதைக் கல்லின் மேல் வைத்துக் குனிந்து கண்ணை ஒட்டினேன். உள்ளே முடியைவிட மெல்லிய நேர்கோடுகள் ஓடின. நிட்டிங் மெஷினில் ஓர் ஊசி கெட்டுப்போனால் துணி நெடுகவும் ஒரு கோடு விழும். நீடில் லைன் என்போம். அது கண்ணில் பட்டால் அந்த ரோல் ரிஜெக்ட்.

"உள்ள லைன் ஓடுது. எங்க டேபிள்ல இது பாஸ் ஆகாது" என்றேன்.

"அந்த லைன் இருந்தாத்தானுங்க்கா அது மேல இருந்து வந்த கல்லு" என்றாள் தங்கை. "சர்டிபிகேட் கூட இருக்குது."

சர்டிபிகேட் பேச்செல்லாம் என்னிடம் எடுபடாது. ஒரே துணிக்கு யார் எந்த லேபிளைக் கொடுத்தாலும் கழுத்தில் வைத்துத் தைத்துக் கொடுக்கிற ஊரில் பிறந்தவள் நான். ஆனால் அந்தக் கோடுகளை இன்னொரு முறை பார்த்தேன். ரிஜெக்ட் செய்ய வேண்டிய காரணமே சாட்சியாக இருப்பது எனக்குப் புதுசு.

"வைரம் எடுத்துத் தரேன்னாருங்க்கா. நாந்தான் இது போதும்னேன். மத்த கல்லெல்லாம் மண்ணத் தோண்டி எடுத்தது. இத யாரும் தோண்டல. அதுவா வந்துச்சு" என்றாள். சொல்லும்போது அவள் முகம் அப்படி மலர்ந்திருந்தது. சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று எனக்குத் தெரிந்தது. படத்தான் முடியவில்லை.

அப்பா விழுந்த பிறகு எங்கள் வீட்டின் பெரிய முடிவுகள் மாமாவின் கைக்குப் போயிருந்தன. அம்மாவின் அண்ணன், குன்னத்தூரில் தோட்டம் பார்க்கிறவர். நல்ல மனுஷர்தான். ஆனால் ஒரு விஷயத்துக்கு முடியாது என்று சொல்லிவிட்டால் அதிலேயே குடியிருப்பார். இந்தக் கல்யாணத்துக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார். மோதிரம் வந்திருப்பது தெரிந்து கிளம்பி வந்துவிட்டார்.

"எந்தூருக் கல்லு இது?"

"ஒரு கிரகம் உடஞ்சு விழுந்ததுங் மாமா" என்றாள் தங்கை.

"உடஞ்ச கண்ணாடியவே ஊட்டுக்குள்ள வெக்கறதில்ல. இவ உடஞ்ச கிரகத்தக் கொண்டாந்திருக்கறா" என்றார் மாமா. வேறு சமயமாக இருந்தால் நானே சிரித்திருப்பேன்.

அம்மா அப்பாவின் தலைமாட்டில் நின்று குழாயில் கஞ்சி விட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "கல்லு ஊட்டுக்கு வந்துருச்சுங்ணா. நம்ம வழக்கம் எப்படியோ அப்படிச் செஞ்சுருவோம். மூணு நாள் வெச்சுப் பாக்கலாம்."

எங்கள் குடும்பத்தில் வைரம் வாங்கினால் அப்படித்தான். தெரிந்த கடையில் சொல்லிக் கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து, பாலில் கழுவி, மஞ்சள் அரிசியில் வைத்து, சாமி அறையில் மூன்று நாள் வைப்பார்கள். அதற்குள் வீட்டில் நல்லது நடந்தால் கல் ராசி, எடுத்துக்கொள்வது. கெட்டது நடந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவது, கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். நடந்தது நல்லதா கெட்டதா என்று சொல்கிறவள் அந்தக் கல்லைத் தன் கையால் உள்ளே வைத்த பெண்தான். அம்மா கல்யாணமான புதிதில் அவளுடைய மூக்குத்திக்கு வந்த முதல் கல்லைத் திருப்பி அனுப்பினாளாம், அதை வைத்த அன்றே கிணற்று மோட்டார் கருகிவிட்டது. அடுத்த கல் வந்து இரண்டாம் நாள் மழை பெய்தது. அந்த மூக்குத்திதான் இத்தனை வருஷமும் அவள் மூக்கில் இருந்தது.

மாமா யோசித்தார். "செரி. ராசியா வந்தா நானே நிச்சயத்துக்கு நாள் பாக்கறேன். வர்லீன்னா கல்லும் வேண்டாம், பையனும் வேண்டாம். அப்புறம் இவ ஒரு வார்த்த பேசக் கூடாது."

"செரிங் மாமா" என்றாள் தங்கை.

எனக்கு எரிச்சல் மண்டியது. இங்கிலீஷில் பையரோடு சண்டை போட்டு ஜெயிக்கிறவள், தன் வாழ்க்கையை ஒரு மிளகு அளவு கல்லிடம் ஒப்படைத்துவிட்டுத் தலையாட்டுகிறாள். மாமா ஏன் ஒத்துக்கொண்டார் என்பதும் எனக்குப் புரிந்தது. எங்கள் வீடு இருந்த இருப்பில் மூன்று நாளைக்குள் கெட்டது எதுவும் நடக்காமல் இருப்பதுதான் அதிசயம். அவளிடம் அதைச் சொல்லியிருக்கலாம். வாய் திறக்கிற அளவுக்கு அந்த எரிச்சல் நீடிக்கவில்லை.

மறுநாள் காலையில் அம்மா மோதிரத்தை வெள்ளிக் குங்குமச் சிமிழில் மஞ்சள் அரிசியோடு வைத்து மூடினாள். விளக்கேற்றி, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. இந்த இரண்டு வருஷமாகத் தினமும் காலையில் அப்படி நிற்கிறாள். என்ன கேட்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை. "அம்மிணி கேக்கறதுக்காச்சும் சாமி அவர எந்திரிக்க வெக்கோணும்" என்று மாமா அம்மாவைப் பற்றிச் சொல்வார். எல்லோரும் ஆமாம் என்போம்.

வைத்த அன்றைக்கே தங்கைக்கு வேலையே ஓடவில்லை. நான் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கும்போது எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, ஊட்ல கேஸ் தீந்துருச்சாமா. இதெல்லாம் கணக்குல வருமுங்களா?"

"வராது. புக் பண்ணு" என்றேன்.

"அம்மா செருப்பும் அறுந்துருச்சாமா."

"அது போன மாசமே அறுந்தது. வெய்யி போன" என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் மாதாந்திர மின்தடை. எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு நிட்டிங் ஷெட். அப்பாவின் மெஷின்கள் இரண்டு அதில் ஓடிக்கொண்டிருந்தன, அவர் விழுந்த பிறகு வேறொருவருக்குக் குத்தகைக்கு விட்டிருந்தோம். அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் பிறந்து வளர்ந்தோம், அது நின்றால்தான் அது இருந்ததே தெரியும். எங்கள் செக்கிங் செக்ஷனுக்கு ஜெனரேட்டர் லைன் கிடையாது. மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். நேராக அம்மா வீட்டுக்கு வந்தேன். தங்கை வேலையில் இருந்தாள்.

மோட்டார் நின்றதால் காற்று மெத்தை சப்பிப்போயிருந்தது. அம்மா அட்டைப்பெட்டியின் மூடி ஒன்றைக் கிழித்து அப்பாவுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். நான் துணி நனைத்து அவர் கழுத்தைத் துடைத்தேன். ஷெட்டும் இல்லை, மோட்டாரும் இல்லை, ஃபேனும் இல்லை. அப்பா மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு வருஷத்தில் நான் அதைத் தனியாகக் கேட்டதே இல்லை. ஒரு மூச்சு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அதற்கப்புறம் வரவில்லை. முகம் சுளிக்கவில்லை, கை இழுக்கவில்லை, தூங்குகிறவர் மாதிரியே இருந்தார்.

அம்மா விசிறிக்கொண்டே இருந்தாள்.

"போயிட்டாருங்களாம்மா?" என்றேன்.

"ம்" என்றாள். அப்புறமும் கொஞ்ச நேரம் விசிறினாள்.

எனக்கு அப்போது வந்த நினைப்பை இங்கே எழுதிவிடுகிறேன். கரண்ட் வந்தால் மெத்தை தானாக உப்பும், அவர் உடம்பு மேலே எழும்பும், அதை யாரும் பார்க்கக் கூடாது. எழுந்து போய் ஸ்விட்சை அணைத்தேன். பிறகு ஃப்ரீஸர் பெட்டி வாடகைக்குக் கொடுக்கிறவருக்குப் போன் செய்தேன்.

"கரண்ட் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"அஞ்சு மணிக்கு வருமுங்க."

"அப்ப அதுக்கு மேல கொண்டாரனுங்க. இப்பக் கொண்டாந்தா சும்மாதாங்க நிக்கும்."

"செரிங்க" என்றேன். கேஸ் புக் பண்ணுகிற குரலில்தான் சொல்லியிருப்பேன்.

சாயங்காலம் கரண்ட் வந்தது. ஷெட்டில் மெஷினைப் போடவில்லை. குத்தகைக்கு எடுத்தவர் ஆட்களை அனுப்பிவிட்டு வாசலில் வந்து நின்றார். தங்கை வந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் நாற்காலி எடுத்துப் போட்டேன், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். கெட்டிக்காரி, தாங்கிக்கொள்கிறாள் என்று ஒரு பெண் என் காதுபடச் சொன்னாள். தாங்குவதற்கு என்னிடம் எதுவுமே இல்லை என்பது அவளுக்குத் தெரியாது.

துக்க வீட்டில் சாமி அறையை அடைக்க வேண்டும். அதற்காகப் போன மாமா கதவில் கை வைத்தபடி நின்றார். உள்ளே வெள்ளிச் சிமிழ்.

"இத வெச்சு எத்தன நாளாச்சு?"

"நேத்து" என்று யாரோ சொன்னார்கள். நான்தான் போல.

"மூணு நாள் கூடத் தாங்கலீங்க. ரெண்டாம் நாளே ஆளக் கொண்டுபோயிருச்சு" என்றார் மாமா. கத்தவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. எல்லோரும் தங்கையைப் பார்த்தார்கள். அப்பாவின் காலடியில் அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிறுத்தினாள். மாமா கதவைச் சாத்திக் கொண்டி போட்டார். கருமாதி முடியும் வரை அந்த அறையைத் திறக்கக் கூடாது. கல் உள்ளேயே இருந்தது.

பையனும் அவன் அம்மாவும் மாலையோடு வந்தார்கள். அவன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவிலேயே நின்றான். மாமா வாங்க என்று சொல்லவில்லை. நான் வெளியே போனதும் மாலையை என்னிடம் கொடுத்தான்.

"அக்கா, இத மட்டும் அப்பா மேல வச்சிருங்க. நாங்க உள்ள வரல. உங்கம்மா சங்கடப்படுவாவ."

அவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. தங்கை போனில் சொல்லியிருப்பாள். மாலையை வாங்கிப்போய் அப்பா மேல் வைத்தேன். திரும்பி வந்து பார்த்தபோது இரண்டு பேரும் போய்விட்டிருந்தார்கள்.

கருமாதி வரைக்கும் தங்கை சரியாகச் சாப்பிடவில்லை. மொட்டை மாடியில் நான் துணி காயப்போடும்போது வந்து பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, அப்பாவ நானே கொன்னுபோட்டனா?"

"பைத்தியமாட்டப் பேசாத. டாக்டரு எப்பவோ கைய விரிச்சுட்டாரு. புண்ணுல எலும்பு தெரிஞ்சுது. கல்லு என்ன பண்ணும்?" என்றேன். சரியான வார்த்தைகள்தான். ரோலில் ஓட்டை எத்தனை என்று சூப்பர்வைசரிடம் சொல்வதுபோல் சொன்னேன் என்பது எனக்கே கேட்டது.

"உனக்குத் தெரியும். எனக்குந் தெரியும். அம்மா என்ன சொல்லுவாங்க?"

"தெரியல."

"நீ கேளுக்கா. அம்மா வேண்டாம்னு சொல்லிட்டா நான் மீற மாட்டேன். மீறிப் போனா, சாகற வரைக்கும் அப்பாவக் கொன்ன கல்லப் போட்டுட்டுத் திரியறான்னுதான் பேசுவாங்க. அப்படியொரு வாழ்க்க எனக்கும் வேண்டாம், அவருக்கும் வேண்டாம்."

கேட்கிறேன் என்றேன். கேட்கவில்லை. அம்மாவின் முன்னால் போய் நின்றுவிட்டுத் திரும்பிவிடுவேன். அவள் அந்த நாட்களில் மீந்துபோன வெள்ளை வேஸ்ட் துண்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக நீவி, மடித்து, அடுக்கிக்கொண்டே இருந்தாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் அப்பாவைப் புரட்டுகிற நேரத்துக்கு நான் முன் அறைக்குப் போய்விடுவேன். கட்டிலை எடுத்துவிட்டிருந்தார்கள். தரையில் நாலு கால் தடம் இருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவேன். தங்கைக்காகக்கூட என்னால் கவலைப்பட முடியவில்லை. அவள் கல்யாணம் நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது என்றிருந்தேன். அந்தப் பாழாய்ப்போன நிலையை வேறெப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கருமாதி முடிந்தது. அம்மாவின் கழுத்தில் தாலி இல்லை, மூக்கில் மூக்குத்தி இல்லை. வீட்டைக் கழுவிவிட்டு, சாமி அறையைத் திறந்து விளக்கு வைத்தார்கள். உறவுக்காரர்கள் பந்தி முடிந்து கிளம்பிப்போனார்கள். மாமாவும் நாங்கள் மூன்று பேரும் மட்டும் இருந்தோம், நாலு பேரும் இன்னும் சாப்பிடவில்லை.

மாமா துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "அம்மிணி, அந்தக் கல்ல அந்தப் பையன்கிட்டக் குடுத்தனுப்பிரு. பேச்ச இதோட முடிச்சுக்கலாம்."

தங்கை சுவரோரமாக நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"கண்ணு, அந்தச் சிமிழ எடுத்துட்டு வா" என்றாள் அம்மா என்னிடம்.

கொண்டுவந்து கொடுத்தேன். அவள் திறந்தாள். மஞ்சள் அரிசியில் பாதி புதைந்து கிடந்தது மோதிரம்.

"நீ எதுக்கு இதத் தொடறே? இனிமே இதெல்லாம் நாந்தான் பாத்துச் சொல்லோணும்" என்றார் மாமா.

"உள்ள வெச்சது நானுங்ணா. அப்ப என்ற கழுத்துல தாலி இருந்துச்சு. நாந்தான் சொல்லோணும்."

மாமாவால் அதை மறுக்க முடியாது. வழக்கம் அதுதான்.

"ராசியான கல்லுங்ணா இது" என்றாள் அம்மா.

மாமாவுக்குக் காதில் விழுந்தது புரியவில்லை என்று நினைக்கிறேன். அம்மா சிமிழைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ரெண்டு வருசமா வெளக்கு வெக்கறப்ப நானு ஒண்ணே ஒண்ணுதானுங்ணா கேட்டுட்டு இருந்தேன். அவர எந்திரிக்க வெய்யின்னு கேக்கல. எந்திரிக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியும். நோவாமக் கூட்டிக்கோ சாமின்னுதான் கேட்டேன். தெனமும் அதத்தான் கேட்டேன். நடக்கல. கல்ல வெச்சன்னைக்கும் அதே கேட்டேன். மக்யா நாளு போயிட்டாரு. ஒரு விக்கல் இல்ல, ஒரு இழுப்பு இல்ல. நாந்தான் விசிறிட்டு இருந்தேன், எனக்குத் தெரியும். கேட்டதக் குடுத்துருக்குது. இதுக்கு மேல என்ன ராசி வேணுமுங்க?"

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்ன பேச்சு அம்மிணி இது" என்றார். குரலில் கோபம் இல்லை.

"ஊர்ல கேட்டா நீங்க வேற சொல்லிக்குங்க. ஊட்டுக்குள்ள இதான் நெசம். வருசம் திரும்பறதுக்குள்ள கல்யாணம் முடியோணும். நாள் பாருங்ணா."

தங்கை அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அம்மா மோதிரத்தை எடுத்து அரிசியைத் தட்டிவிட்டு என்னிடம் நீட்டினாள். "நானு போடக் கூடாது. நீ போட்டு உடு."

தங்கையின் விரல் ஜில்லென்று இருந்தது. மோதிரத்தை ஏற்றினேன். கொஞ்சம் மஞ்சள் பொடி கல்லின் ஓரத்தில் ஒட்டியிருந்தது, முந்தானையால் துடைத்தேன். நிமிர்ந்தபோது அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் அதத்தான கேட்ட, கண்ணு?"

மாமா இருந்தார். தங்கை இருந்தாள். பொய் சொல்லியிருக்கலாம்.

"ஆமாங்கம்மா."

"எப்ப இருந்து?"

"புண்ணு வந்ததுல இருந்துங்கம்மா."

அம்மா தலையாட்டினாள். "நானு அதுக்கும் முன்னாடி இருந்தே" என்றாள்.

நாங்கள் இரண்டு வருஷம் ஒரே உடம்பை இரண்டு பக்கமும் பிடித்துப் புரட்டியிருக்கிறோம். ஒருவருக்கொருவர் இதைச் சொல்லியதில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் ஷெட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மாமா எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து, இலை முன் உட்கார்ந்தார். தங்கையையும் இழுத்து உட்காரவைத்தேன். அம்மா சாதம் போட்டு ரசம் ஊற்றினாள். பிசைந்து ஒரு வாய் வைத்தேன். நாக்கில் ஏதோ தெரிந்தது. இன்னொரு வாய் வைத்துப் பார்த்தேன்.

"ரசத்துல உப்புக் கம்மிங்கம்மா" என்றேன்.

அம்மா உப்பு டப்பாவை என் பக்கம் தள்ளி வைத்தாள்.